கழிக்கு அந்தப் பக்கம் கடல்: ஆலம்பரை மணல் திட்டில் ஒரு சனிக்கிழமை

ஜூலை பிறந்துவிட்டால், புதுச்சேரிக்கு வடக்கே இருக்கும் எங்கள் கோட்டக்குப்பத்துத் தெருக்களின் முகம் மாறிவிடும். சார்ஜா, துபாய்ப் பள்ளிகளுக்கு விடுமுறை. பாரிஸிலும் அதே நேரம்தான். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடுகளின் சன்னல்கள் திறக்கும். பிரியாணி தேக்சாக்களை வாடகைக்கு எடுக்க முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கும். கல்யாணம், விருந்து, மாமி வீடு, பெரியம்மா வீடு என்று முதல் வாரம் ஓடிவிடும். அதன் பிறகு சபராளிகளின், அதாவது வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்களின், பிள்ளைகள் கேட்கத் தொடங்குவார்கள்: "கடலுக்கு எப்போ போறோம்?"

கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. கால் நனைக்கக் கரைதான் இல்லை. என் வயதுக்காரர்கள் தந்திராயன்குப்பத்து மணலில் பந்து விளையாடியவர்கள். கட்டுமரங்களை ஏற்றிவைத்து, வலைகளை விரித்துக் காயப்போட்ட பிறகும் எங்களுக்கு இடம் மிச்சம் இருந்தது. இன்று அங்கே கருங்கற்கள் குவிந்து கிடக்கின்றன. 1986 முதல் 1989 வரை புதுச்சேரியில், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. சோழமண்டலக் கரையின் மணல் ஓர் இடத்தில் கிடப்பதில்லை. மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து வடக்கே நடக்கும். வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். சுவர்கள் அந்த நடையை மறித்தன. தெற்கே மணல் மேடிட்டது, வடக்கே கடல் கரையைத் தின்றது. மறிபட்ட மணலை வாரி வடக்கே தள்ளும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் மணல் முதலில் போனது. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது. அங்கும் கல் கொட்டினார்கள். எங்கள் குப்பங்களில் வீடுகள் கடலுக்குள் சரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு, கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகள் வந்தன. இப்போது அந்தப் பாடு சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வடக்கே போய்க்கொண்டிருக்கிறது.

அதனால்தான் விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் வண்டி எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகின்றன. மணலைத் தேடி ஐம்பது கிலோமீட்டர் பயணம். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த ஊர்க்காரர்கள் கடற்கரைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதை, நான் ஒவ்வொரு முறை அந்தச் சாலையில் போகும்போதும் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். வருத்தம் குறைவதில்லை.

காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை தாண்டியதும் வெளிச்சம் மாறும். மரக்காணத்து உப்பளங்கள். 3,000 ஏக்கருக்கு மேல் பாத்தி பாத்தியாக விரிந்த நிலம். வெயில் ஏறினால் கண் கூசும். கோடையில் தொடங்கும் உப்பு வாருதல், மழைக்காலம் வரும்வரை நடக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது இந்தப் பாத்திகள் மொத்தமும் வெள்ளத்தில் மூழ்கின. உப்பளத்துக்கு மேற்கே கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்லப்படுவது இதுதான். 2021 டிசம்பரில் இதன் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பனிக்காலத்தில் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் இங்கே வந்து தங்கும். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாயும் மரக்காணத்தில்தான் முடிகிறது. ஏரியின் நீர் எடையன்திட்டுக் கழி வழியாக ஓடி, அழகன்குப்பத்துக்கும் ஆலம்பரைக்கும் பக்கத்தில் கடலைத் தொடுகிறது.

அந்தக் கழியின் கரையில்தான் ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. 1735 வாக்கில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானின் கையில் இருந்தது. 1750-ல் தக்காண சுபேதார் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து உடைத்தார்கள். 2004 சுனாமி மிச்சத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. ஒரு காலத்தில் நாணயம் அடித்த ஊர், சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் கப்பலேறிய துறை. இப்போது அந்தத் துறையில் ஃபைபர் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. விடுமுறை நாட்களில் பத்து நிமிடத்தில் உங்களை எதிர்க்கரை மணல் திட்டில் இறக்கிவிடுவார்கள். இந்தப் பக்கம் அசையாத கழி, அந்தப் பக்கம் வங்கக் கடல், நடுவே கிளிஞ்சல் நிறைந்த வெள்ளை மணல். வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தீவு என்றுதான் சொல்கிறார்கள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நாங்களும் போனோம். சார்ஜாவிலிருந்து வந்திருந்த தங்கை, மச்சான், அவர்களுடைய மகன், மகள், எங்கள் வீட்டில் நாங்கள் நால்வர், அம்மா. பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பியதால் கோட்டைக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. அம்மா சுவர் நிழலில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டார். படகுக்காரர் ஐம்பது வயதை நெருங்கியவர். அந்தக் குப்பத்திலேயே பிறந்து, கழியிலும் கடலிலும் வலை போட்டு வளர்ந்தவர். எங்களை எண்ணிப் பார்த்தார்.

"ஒரு நடைக்கு அஞ்சு பேரு, பாய். எட்டு பேரை ஏத்த மாட்டேன்."

"அண்ணே, சின்னப் பிள்ளைங்கதானே, மடியில வெச்சுக்கறோம்," என்றாள் தங்கை.

"பிள்ளையும் ஒரு தலைதாம்மா."

பேச்சு அதோடு முடிந்தது. மச்சான் கூடுதல் பணம் தருவதாகச் சொன்னதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. இருந்த மிதவைச் சட்டைகளை முதலில் பிள்ளைகளுக்குக் கட்டினார். பெரியவர்களுக்குரியவை அவை, என் மருமகளுக்கு முழங்கால்வரை தொங்கியது. இடுப்பில் ஒரு கயிற்றைச் சேர்த்துக் கட்டி இறுக்கினார். இரண்டு நடையில் எல்லோரும் அக்கரை சேர்ந்தோம்.

மணலில் இறங்கியதும் மருமகள் கேட்ட முதல் கேள்வி: "இந்தத் தீவை யாரு கட்டுனாங்க?" அவள் வளர்ந்த நாட்டில் அது நியாயமான கேள்வி. துபாயின் பாம் ஜுமைரா, 2001 முதல் மனிதர்கள் மணலைக் கொட்டி உண்டாக்கிய தீவு. வளைகுடாவின் அடியிலிருந்து மணலை உறிஞ்சி எடுத்துப் பீய்ச்சி, பேரீச்ச மர வடிவில் நிரப்பினார்கள். அலை கரைத்துவிடாமல் இருக்கச் சுற்றிலும் 11 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை அரண் போட்டார்கள். உள்ளே நீர் தேங்கிப்போனதால் அந்த அரணில் வாய்கள் திறக்க வேண்டி வந்தது. காசும் கணக்கும் சேர்ந்தால் தீவைக் கட்டலாம். நீரோட்டத்துக்கு வழி விட்டாக வேண்டும் என்பதை அங்கேயும் தண்ணீரே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

படகுக்காரர் அவளுக்குப் பதில் சொன்னார். "கடல் கட்டுனதும்மா. போன வருசம் இந்த முனை அதோ அங்க இருந்துச்சு. இப்ப வடக்கே வந்துடுச்சு. மழைக்குக் கழுவெளி நெரம்பி வந்தா ஒடச்சிக்கினு போயிடும். மறுபடி கட்டும்." தெற்கே கை நீட்டிக் காட்டினார். கோட்டக்குப்பத்துக்கு வராமல்போன மணலைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை எல்லாம் அவர் ஒரு விரல் நீட்டலில் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் நண்டு வளைகளைத் தோண்டினார்கள். நாங்கள் கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கடற்காற்று முகத்தில் அடித்தது, வானம் நீலமாக இருந்தது. அதனால் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. வட தமிழகக் கடற்கரையில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வருகிற மழை, பெரும்பாலும் கடலிலிருந்து வருவதில்லை. பகலெல்லாம் காய்ந்த உள்நாட்டில், திண்டிவனம், செஞ்சிப் பக்கம் மேகம் திரண்டு, மாலையில் மேற்கிலிருந்து இடியோடு வரும். கடற்கரைக்கு வருகிறவர்கள் கடலைத்தான் பார்ப்பார்கள். படகுக்காரர் மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஓடி வந்தார். "மேக்கால கறுத்துடுச்சு. எல்லாரும் வாங்க."

திரும்பிப் பார்த்தால் கோட்டைக்குப் பின்னால் வானம் கரும்பலகைபோல் நின்றது. கடற்காற்று நின்றுவிட்டது. ஒரு நிமிடம் எதுவும் அசையவில்லை. பிறகு மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று ஒரே வீச்சாக வந்து மணலை வாரிக் கண்ணில் போட்டது.

எங்களுக்கெல்லாம் ஒரே எண்ணம்தான்: படகில் ஏறி அக்கரைக்குப் போய்விட வேண்டும். கோட்டைச் சுவர் கண்ணெதிரே தெரிகிறது. அம்மா எழுந்து நின்று கையசைப்பது தெரிகிறது. தங்கை மகளைத் தூக்கிக்கொண்டு படகை நோக்கி ஓடினாள். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"இப்ப போவக் கூடாது. தண்ணி வத்துது. காத்து மேக்கால. ரெண்டும் சேர்ந்து நம்மளை மொகத்துவாரத்துக்குத் தள்ளும்."

இந்தக் கரையில் கடல்நீரின் ஏற்ற இறக்கம் பெரிதில்லை. அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஒரு மீட்டர் அளவுக்குத்தான். ஆனால் அகலக் கழியில் ஏறிய நீர் முழுவதும் குறுகிய வாய் வழியாக ஆறு மணி நேரத்துக்குள் கடலுக்குத் திரும்ப வேண்டும். அந்த வாயில் ஓட்டத்தின் வேகம் நீச்சல் தெரிந்தவனையும் இழுத்துவிடும். உள்ளிருந்து ஓடும் நீரும் வெளியிலிருந்து வரும் அலையும் மோதிக்கொள்ளும் இடத்தில் அலை செங்குத்தாக எழும். சின்னப் படகு கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான். ஆழ்கடலில் மீன்பிடித்துத் திரும்புகிறவர்களும் முகத்துவாரத்துக்கு முன்னால் நின்று, அலையை எண்ணிப் பார்த்துத்தான் நுழைவார்கள்.

அவரும் என் மகனும் மச்சானும் சேர்ந்து படகை மணலில் இழுத்து ஏற்றினார்கள். மூங்கில் கழியைக் கீழே கிடத்தினார். குடையை மடக்கச் சொன்னார். "ஒட்டி உக்காராதீங்க. தள்ளித் தள்ளிக் குந்துங்க. தலையைத் தூக்காதீங்க." மரம் இல்லாத வெட்டவெளியில் நிற்கிற ஆள்தான் மின்னலுக்கு உயரமான பொருள். அதை யாரும் அவருக்குப் பாடமாக நடத்தியிருக்க மாட்டார்கள். பிள்ளைகளோடு பெண்கள் படகின் மறைவில் குந்தினார்கள், நாங்கள் ஆளுக்கொரு பக்கம். மழை இறங்கியது. கோட்டை மறைந்தது, கழி மறைந்தது, பக்கத்தில் இருந்தவர் மறைந்தார். இடி விழுந்த ஒவ்வொரு முறையும் மருமகள் உரக்கக் கலிமா சொன்னாள். படகுக்காரர் கன்னியம்மா பெயரை முணுமுணுத்தார். மழைச் சத்தத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே. மழை ஓய்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காற்று படுத்துவிட்டது, வத்தம் என்ற இறங்குநீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நடையில் பிள்ளைகளும் பெண்களும் ஏறினார்கள், அவர்களோடு நானும். படகைக் கோட்டைக்கு நேரே விடாமல், மூங்கில் ஊன்றிக் கழியின் உள்பக்கமாக, நீரோட்டத்துக்கு எதிராகக் கொஞ்ச தூரம் கொண்டுபோனார். அங்கிருந்து குறுக்கே விட்டால் ஓட்டமே துறையில் கொண்டுவந்து சேர்க்கும் என்பது கணக்கு. பாதி தூரத்தில் ஆழம் வந்ததும் இன்ஜினை முடுக்கினார். நான்கைந்து நொடிதான் ஓடியிருக்கும். விசிறியில் எதுவோ சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. யாரோ விட்டுப்போன வலைத்துண்டு.

படகு மெல்லத் திரும்பி, முகத்துவாரத்தின் பக்கம் நகர ஆரம்பித்தது. "இன்ஜினைப் போடுங்க அண்ணே!" என்று கத்தினோம். அவர் இன்ஜின் பக்கமே போகவில்லை. முன்னால் தாவி, நங்கூரத்தை எடுத்துப் போட்டார். கயிறு ஓடி, இழுத்துப் பிடித்தது. படகு நின்றது. அதன் பிறகுதான் பின்னால் வந்து, இன்ஜினைத் தூக்கி, இடுப்புக் கத்தியால் வலையை ஒவ்வொரு இழையாக அறுக்கத் தொடங்கினார். இருட்டில், கையால் தடவித் தடவி. அந்தச் சில நிமிடங்கள்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தவை. பயம் வந்தால் இயந்திரத்தை நம்பி ஓடுவோம் நாம். முதலில் நில், பிறகு சரிசெய் என்பது அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் நடையும் முடிந்து எல்லோரும் துறையில் ஏறினோம். அம்மா யாரிடமும் பேசவில்லை. நேரே போய்ப் படகுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்பா நீ." பேசிய பணத்துக்கு மேல் ஒரு ரூபாய் அவர் வாங்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் கதை சாகசமாக முடிந்தது. இதே போன்ற பயணங்கள் வேறு விதமாக முடிந்திருக்கின்றன. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ். பழவேற்காட்டுக்கு உல்லாசப் பயணம் வந்த குடும்பங்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2014 ஜனவரி 26, குடியரசு நாள். அந்தமானில் போர்ட் பிளேர் அருகே அக்வா மரைன் என்ற படகு மூழ்கியது. 25 பேருக்கான படகில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். இறந்த 20-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா போனவர்கள். 2023 மே 7, கேரளத்தின் தானூர். மீன்பிடிப் படகை உருமாற்றிச் செய்த உல்லாசப் படகு, இருட்டிய பிறகு அளவுக்கு மீறிய ஆட்களோடு ஆற்று முகத்துவாரத்தருகே கவிழ்ந்தது. 22 பேர் போனார்கள். அதில் 11 பேர் ஒரே குடும்பம்.

மூன்று நாட்களையும் நாட்காட்டியில் எடுத்துப் பாருங்கள். மூன்றும் ஞாயிற்றுக்கிழமை. தற்செயல் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. மற்ற நாட்களில் அந்தப் படகுகளில் அவ்வளவு நெரிசல் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஞாயிறன்று மட்டும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை, எல்லோரும் ஒன்றாகப் போக வேண்டும், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். விடுப்பில் வந்த குடும்பங்களுக்கு இந்த அவசரம் இன்னும் அதிகம். திரும்பிப் போகும் விமானத்துக்கு நாள் குறித்தாயிற்று. இன்று விட்டால் அடுத்த ஆண்டுதான். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. என் தங்கை முகத்திலேயே அதைப் பார்த்தேன். அந்தத் தவிப்போடு ஒரு படகுக்காரரிடம் பேரம் பேசும்போது, அவர் 'முடியாது' என்று சொல்லும் தெம்போடு இருக்க வேண்டும். அந்தத் தெம்பு அவருக்கு எங்கிருந்து வரும்? அந்த வாரத்தின் கூடுதல் வருமானமே அந்த ஒரு நாள்தான் என்றால், எத்தனை பேரால் அப்படிச் சொல்ல முடியும்?

வசதியும் புகழும் தண்ணீரில் செல்லாது என்பதற்குத் தமிழர்களுக்கு நினைவிருக்கும் சாட்சி 1964 டிசம்பர். திரை நட்சத்திரங்களான ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேசுவரம் தீவுக்குப் போயிருந்த நேரத்தில்தான், 22-ஆம் தேதி இரவு, அந்தப் புயல் வந்தது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. பாம்பன் பாலம் சிதைந்தது. அவர்கள் தீவில் சிக்கி உயிர் தப்பினார்கள். தனுஷ்கோடி ஊர் மட்டும் திரும்பவில்லை.

யார் சொல்வது நடக்க வேண்டும்?

ஆலம்பரைப் படகுகள் மீன்பிடிக்கப் பதிவானவை. தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம், 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். ஆள் ஏற்றுவதற்கு வேறு சட்டம்: 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2021-ல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம். பதிவு, தகுதிச் சோதனை, உயிர்காப்புக் கருவி, ஓட்டுபவரின் தகுதி எல்லாவற்றையும் அது பேசுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, ஞாயிறு மாலையில் ஐந்து பேரை அக்கரை கொண்டுபோய் விடும் மீனவர் நிற்கிறார். விபத்து நடந்தால் எல்லா ஊர்களிலும் உடனே செய்வது தடை போடுவது. தடையால் அந்தக் குப்பத்தின் ஞாயிற்றுக்கிழமை வருமானம் போகும். சில மாதங்களில் படகுகள் மறைவாக ஓடத் தொடங்கும்; அப்போது மிதவைச் சட்டையும் இருக்காது, ஐந்து பேர் என்ற வரம்பும் இருக்காது.

நான் கேட்பது வேறு. அந்தக் குப்பத்துப் படகுக்காரர்களையே குழுவாகப் பதிவு செய்து, படகுகளைச் சோதித்து, பிள்ளைகள் அளவிலும் சட்டைகள் கொடுத்து, கட்டணத்தை நிர்ணயித்து உரிமம் தரட்டும். நடையை நிறுத்தும் அதிகாரம் அவர்களிடமே இருக்கட்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது படகோடு நகரத்துக்குள் வந்தவர்கள் மீனவர்கள். 2018-ல் கேரளத்தில் வெள்ளத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைத் தூக்கியவர்களும் மீனவர்கள். பேரிடரில் நம்பிய கைகளை விடுமுறை நாளில் மட்டும் ஏன் நம்பக் கூடாது?

இன்னொன்றும் இருக்கிறது. அழகன்குப்பம், ஆலம்பரைக்குப்பம் பகுதியில் இந்த முகத்துவாரத்தை ஒட்டி மீன்பிடித் துறைமுகம் அமைக்கும் திட்டம் எழுந்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மீனவர்களுக்குப் பாதுகாப்பாகப் படகு நிறுத்த இடம் வேண்டும். அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் கடலுக்குள் நீளும் எந்தச் சுவரும் வடக்கே நடக்கும் மணலை மறிக்கும். அதன் விலை என்ன என்பதற்குக் கோட்டக்குப்பம் நாற்பது ஆண்டுச் சாட்சி. இங்கே ஒரு கல்லைப் போடுமுன், திட்டம் தீட்டுகிறவர்கள் எங்கள் தந்திராயன்குப்பத்துக்கு வந்து ஒரு மாலை நின்று பார்க்கட்டும். பிறகு ஆலம்பரைக்குப் போய், மணல் முனை போன வருடம் எங்கே இருந்தது என்று அந்தப் படகுக்காரரிடம் கேட்கட்டும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூலை முதல் செப்டம்பர் வரை என்றால் காலையில் போங்கள். வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம், மேற்கு மேகத்துக்கும் முன்னால் வந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் கழுவெளி நிரம்பி முகத்துவாரம் அகலும்போது அக்கரை ஆசை வேண்டாம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, சுற்று வட்டாரத்தில் மின்னல் இறங்குவதைக் காட்டும், கிளம்பும்போதே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அக்கரையில் இருக்கும்போது ஒருவர் முகம் எப்போதும் மேற்கே இருக்கட்டும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் கைப்பேசியில் முன்பே சேமித்துவைத்து, அக்கரை போகாமல் கோட்டையில் உட்காரப்போகிறவரிடமும் அந்த எண்களைக் கொடுத்துவிட்டுப் போங்கள். மழையில் எங்களைக் காணாமல் அம்மா யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். பிள்ளைகளின் அளவுக்கான மிதவைச் சட்டைகள் துறையில் இப்போதைக்குக் கிடைக்காது. வாங்கிக்கொண்டு போங்கள், திரும்பும்போது படகுக்காரரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த ஞாயிறு வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு அது சரியாக இருக்கும்.